ஐந்து கிலோ பாக்கெட்

இரண்டு வருடம், முழுசாக இரண்டு வருடம்... மாற்றல் இல்லை, தஞ்சாவூரிலேயேதான் என்று கணவன் இளவழகன் ஆபீஸிலிருந்து போன் பண்ணிச் சொன்னதிலிருந்து எழில்மொழிக்கு வேலையே ஓடவில்லை, ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைகிறவள் மூன்றாம் தண்ணீரையும் கொட்டிவிட்டு நாலாவது பிடித்தாள், புனே, குர்கான், இந்தூர், விசாகப்பட்டினம், எங்கேயாவது ஒரு திரைச்சீலை நிறம் மங்கும்வரை தொங்கியிருக்கிறதா, வருஷா வருஷம் நவம்பர் வந்தாலே மாற்றல் உத்தரவை எதிர்பார்த்துப் பெட்டிகளைத் தூசி தட்டுவாள், இந்தத் தடவை இல்லை, தர்ஷினியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏழாம் வகுப்புக்குள் ஐந்தாவது பள்ளிக்கூடம், எங்கேயும் ஒட்டாத பெண் இங்கேதான் சஃபியா சஃபியா என்று உயிரை விட்டாள், பள்ளி பஸ்ஸில் ஒரே சீட், ஒரே டிபன் டப்பா... ஆமாம், அந்த சஃபியா இந்தப் பக்கம் வந்து எத்தனை நாளாயிற்று? மூன்று வாரம்? சண்டையா என்று கேட்டதற்கு இல்லை என்றாளே, அப்போதே துருவிக் கேட்டிருக்க வேண்டாமா, நான் என்ன தாய்?

பள்ளி விட்டு வந்த தர்ஷினியிடம் வாசலிலேயே சொன்னாள். குதிப்பாள் என்று பார்த்தால், அவள் சமையலறை மேடையில் இருந்த அரிசிப் பாக்கெட்டைத்தான் பார்த்தாள்.

"சும்மா சொல்லாதம்மா. நீதான் அஞ்சு கிலோ பாக்கெட் வாங்க ஆரம்பிச்சிட்டியே."

எழில்மொழிக்குச் சுரீரென்றது, ஆமாம், ஒவ்வொரு ஊரிலும் மாற்றல் வாசனை அடித்ததும் மூட்டையை நிறுத்திப் பாக்கெட்டுக்கு மாறுவாள், மிச்ச அரிசியை யார் கட்டித் தூக்குவது என்று, இதையெல்லாமா இந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது, இந்தத் தடவை அதற்கு இல்லையே, ஐப்பசி மழையில் மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது, ஈரம் போகட்டும் என்று பாக்கெட் வாங்கினாள், நெல் விளைகிற ஊரில் பாக்கெட் அரிசியா என்று மில்காரர்கூடச் சிரித்தார்...

"வண்டு விழுந்துச்சுடி, அதுக்குத்தான்."

தர்ஷினி ஷூவைக் கழற்றினாள். "பாக்கெட்டப் பாத்த அன்னைக்கே சஃபியாகூடப் பேசறத நிறுத்திட்டேன். முன்னாடியே நிறுத்திட்டா கடைசி நாள் அவ்வளவா அழுகை வராது."

இந்தூரை விட்டுக் கிளம்பி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாளே, அங்கே கற்றுக்கொண்டதா இது? நாளைக்கே போய்ப் பேசு என்றாள் எழில்மொழி, குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"பஸ்ல அந்த சீட்ல இப்ப வேற பொண்ணு உக்காருதும்மா."

மில்லுக்குப் போன் பண்ணினால் இப்போதே ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், அதைக் கண்ணால் பார்த்தால் இவள் நம்பிவிடுவாள்... சஃபியாவிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?