ஏற்றத்துக்குப் போதாத சார்ஜ்

காற்றும் மழையும் ஓய்ந்த பிறகும் நாகலூருக்குக் கரண்ட் வரவில்லை. சில்வர் ஓக் மரமொன்று கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. லைன்மேன்கள் வாழவந்திப் பக்கம் வேலையாக இருந்தார்கள். இருட்டு சுஜாதாவுக்குப் பழகிவிட்டது. சார்ஜ் இறங்கிப்போய் வாசலில் நின்ற கார்தான் கவலை. மறுநாள் மாமனார் பொன்னுவேலை டயாலிசிஸுக்குச் சேலம் கூட்டிப்போக வேண்டும். ஒருமுறை தவறினாலும் அவருக்கு மூச்சு முட்டிவிடும்.

அந்தப் பேட்டரி கார் அவள் பிடிவாதத்தால் வந்தது. ஏற்காட்டில் அறிவியல் ஆசிரியை அவள். சனி ஞாயிறுகளில் மலையேறும் வண்டிகளின் புகையைப் பார்த்து வெறுத்துப்போய், வீட்டிலிருந்த டீசல் ஜீப்பை விற்கச் சொன்னாள். கணவன் தங்கராஜ் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவன் வாதாடவில்லை. பழைய பேட்டரியைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று மட்டும் கேட்டான். அதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கும் என்றாள். பிறகு அவளே விசாரித்துப் பார்த்தபோது யாரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அதை அவனிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

எஸ்டேட் பங்களா ஜெனரேட்டரில் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளத் தங்கராஜ் அனுமதி வாங்கி வந்தான். மத்தியானம் காரை அங்கே கொண்டுபோனார்கள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கறுப்பாகப் புகை விட்டது. ஈரக் காற்றில் புகை கலையாமல் காபிச் செடிகளின் மேலேயே நின்றது. சுஜாதா பங்களாப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் புகை வேண்டாமென்று ஜீப்பை விற்றாளோ அதே புகை. கம்பியில் வருகிற கரண்டும் பெரும்பாலும் எங்கோ நிலக்கரியை எரித்து வருவதுதான். வகுப்பில் அவளே நடத்துகிற பாடம் அது. இருந்தாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் புகை குறைச்சல்தான் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாள். இன்றைக்கு அதைச் சொல்லிக்கொள்ளவும் அலுப்பாக இருந்தது. தங்கராஜ் டீசல் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதாவது குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வரை போட்டும் பாதிச் சார்ஜ்கூட ஏறவில்லை. மலை இறங்க அது போதும். இறக்கத்தில் வண்டி தானாகவே கொஞ்சம் சார்ஜைச் சேர்த்துக்கொள்ளும். ஏற்றம்தான் எல்லாவற்றையும் குடித்துவிடும். மறுநாள் அவள் மட்டும்தான் மாமனாரோடு போனாள். சேலத்தில் அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் தனியே விட்டுவிட்டுச் சார்ஜர் தேடிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சில நாள் பிரஷர் இறங்கிவிடும். திரும்பும்போது அடிவாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அடிவாரத்தில் ஒரு சார்ஜர் திரை அணைந்து கிடந்தது. இன்னொன்றில் சுற்றுலா வந்தவர்களின் கார் நின்றது. அதற்குப் பின்னாலும் ஒன்று காத்திருந்தது. சுஜாதா இறங்கிப்போய் நிலைமையைச் சொன்னாள். முன்னால் நின்றவர் பாவப்பட்டுத் தன் காரை நகர்த்தினார். அவள் வயரை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஏரியாவிலேயே கரண்ட் போய்விட்டது.

பொன்னுவேல் பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்தார். ஊசி குத்திய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார்.

“மாமா, குளுருதுங்களா?”

“குளுரு இல்ல கண்ணு. ஊட்டுக்குப் போய்ப் படுத்தாத் தேவலை.”

வெயில் சாய ஆரம்பித்தது. உரமூட்டை ஏற்றிக்கொண்டு வந்த நாகலூர் ஆரோக்கியதாஸ், ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கினார். சுஜாதா போய்க் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். காரை அங்கேயே பூட்டிவிட்டு, மாமனாரை ஜீப்பின் முன்சீட்டில் இருவருமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவள் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஜீப் இரைந்துகொண்டு ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டீசல் வாடை உள்ளே வந்தது. பாதி மலையில் பொன்னுவேல் அவள் சேலைமேலேயே வாந்தி எடுத்துவிட்டார். ஆரோக்கியதாஸ் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். அவள் வாயைத் துடைத்துவிடும்போது மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. வெட்கமோ அசதியோ, தெரியவில்லை.

கரண்ட் வந்தபின் தங்கராஜ் அடிவாரம் போய்க் காரை ஓட்டிவந்தான். அந்த வாரம் பள்ளியில் சுற்றுச்சூழல் கூட்டம். காரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார் தலைமையாசிரியை. வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்றாள் சுஜாதா. இந்த வண்டி மலைக்கு நல்லதுதானே என்று அவர் விடாமல் கேட்டார்.

“தெரியலைங்க மேடம்,” என்றாள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பேசுவாள்.

அடுத்த டயாலிசிஸுக்கு ஆரோக்கியதாஸ் ஜீப்பையே சொல்லிவிடலாம் என்றான் தங்கராஜ். சுஜாதாவும் மறுக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த பொன்னுவேல்தான் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“காருலயே போலாஞ் சாமி. ஜீப்புல நொம்பக் குலுக்குது, வயித்தப் பொரட்டுது. காரு நின்னுச்சுன்னா நின்னுட்டுப் போவுது, படுத்திருக்கறேன்.”

தான் வாங்கிய காரை மாமனார் மெச்சுகிறார் என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எதிலே போனாலும் அவருக்கு ஏதோ ஒரு கஷ்டம் இருக்கிறது. அதில் தாங்கக்கூடியதை அவர் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் அன்று காலை, அடிவாரச் சார்ஜர் சரியாகிவிட்டதா என்று அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பின்சீட்டில் தலையணை போட்டு, கம்பளியையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்து வைத்தாள். தங்கராஜ் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்தான். சத்தமில்லாமல் வண்டி கிளம்பியது. முதல் வளைவு திரும்புவதற்குள் மாமனார் தூங்கிவிட்டார். அவர் விழித்துவிடாதபடி அவள் வண்டியை மெதுவாக ஓட்டி மலை இறங்கினாள்.