ஆளுக்கொரு பிழை

யசோதினி டீச்சர் ஆறு வருடமாகச் செங்கலடியில் உயர்தர அரசறிவியல் வகுப்பு நடத்துகிறார். போன வருடம் அவர் எழுதிய குறிப்பு முழுவதும், அட்டையிலிருந்த அவர் பெயர் மட்டும் காணாமல் போய், டெலிகிராமில் உலாவியது. முன்பின் தெரியாத ஒருவன் அதை வைத்தே வகுப்பு நடத்தினான். வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

இந்த முறை கள்ளனைப் பிடிக்கப் பொறி வைத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அச்சு. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் ஓர் ஆண்டை மாற்றிவைத்தார். எந்தப் பிழை டெலிகிராமில் வருகிறதோ, அந்தக் கொப்பிக்காரன்தான் கள்ளன். ஆளைப் பிடித்ததும் எல்லாருக்கும் சரியானதைச் சொல்லிவிடலாம் என்பது எண்ணம்.

அதன் பிறகு வகுப்பில் யார் போனைத் தொட்டாலும் சந்தேகம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓட்டமாவடிப் பையன் ஷாமில் வேறு எந்நேரமும் பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழுகாமத்துப் பிரதீஸ் ஒருவனைத்தான் டீச்சர் நம்பினார். அவனிடம் போனே இல்லை.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு குறிப்பு வெளியே வந்தது. அட்டையைக்கூடக் கவனிக்காமல் உள்ளே வரிவரியாகத் தேடினார். ஒரு பிழைகூட இல்லை. சரியான மூலம் அவருடைய கணினியில் மட்டும்தானே இருந்தது? கணவன் உதயரூபனைக்கூட ஒரு நாள் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்தார். வகுப்பில் பிழைகளைச் சொன்னால் பொறி வெளிச்சமாகிவிடும், கள்ளன் தப்பிவிடுவான். டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை முடிந்து வெளியே வந்த ஷாமிலை மண்டப வாசலில் மடக்கினார்.

"உண்மையச் சொல்லு. நோட்ஸப் போட்டது நீதானே?"

"ஓம் டீச்சர்." அவன் தலையைக் குனிந்தான். "எங்கட கொப்பியளப் பாத்தா ஆளுக்கொரு பிழை இரிந்திச்சி. நீங்க களைச்சுப்போய் அடிச்சிருப்பீங்க எண்டு நினைச்சம். உங்களுக்கிட்டச் சொல்ல வெக்கமா இரிந்திச்சி. புத்தகத்தோட ஒத்துப்பாத்துத் திருத்தி, எல்லாரும் பாக்கட்டும் எண்டு டெலிகிராம்ல போட்டன். உங்கட பேர் கெடக்கூடாதே. அட்டையில பேரும் போட்டிரிக்கன்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் டீச்சர். அப்போதுதான் போன் இல்லாதவனின் நினைவு வந்தது.

பிரதீஸ் சிரித்துக்கொண்டே வந்தான்.

"டீச்சர், மனிங் அரசியல் யாப்பு எந்த ஆண்டு எண்டு கேள்வி வந்திச்சு! மத்தவனுகள் எல்லாம் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது எண்டு எழுதியிருக்கானுகள். நான் உங்கட நோட்ஸ்ல உள்ளபடி இருபத்திரண்டு எண்டே எழுதிற்றன். நீங்க பிழையா எழுதுவீங்களா?"