அல்பேட்டின் தாய்

ஆமியைச் சொல், போதும் என்றுதான் எல்லாரும் பேர்ணடெற்றுக்குப் புத்தி சொன்னார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்து ஆள் இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தேன் என்றால் கனடாவில் அகதியாக ஏற்க அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தமையன் பஸ்ரியனும் அதையே சொன்னான். ஸ்காபரோவில் அவனுடைய அப்பார்ட்மென்ரில்தான் அவள் ஒதுங்கியிருந்தாள்.

"அது பொய்யும் இல்லையே, தங்கச்சி. செல்லடியில வீடு போனது உண்மைதானே?"

"உண்மைதான் அண்ணா. ஆனா என்ர கையை முறிச்சது ஆமி இல்லை. அல்பேட்."

"குடும்ப விசயத்தை வெள்ளைக்காரனுக்கு முன்னால அவிழ்க்கிறதே? நாளைக்கு மச்சானையும் கூப்பிட வேணுமெல்லே?"

"கூப்பிடக் கூடாதெண்டுதான் சொல்லப்போறன்."

அவள் யோசிக்காமல் சொல்லவில்லை. ஆமிக் கதையில் அனுமதி கிடைத்தால், இரண்டு குடும்பமும் கூடியிருந்து, கொழும்பில் இருக்கும் புருசன் அல்பேட்டை எப்போது கூப்பிடுகிறாய் என்று நச்சரிக்கும். அவள் களைத்துப்போய் ஒருநாள் தலையாட்டியும் விடுவாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது.

லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண். புருசனுக்குத் தப்பி வந்த பெண்ணையும் அகதியாக ஏற்கலாம் என்று இரண்டு வருசத்துக்கு முன்பு இந்த நாட்டில் வழி பிறந்திருக்கிறது என்றாள். ஆனால் ஊர்ப் பொலிஸ் காப்பாற்றாது என்று காட்ட வேண்டும். கண்ணால் கண்ட சாட்சி இருந்தால் இன்னும் நல்லது.

கண்டவள் ஒருத்தி இருந்தாள். அல்பேட்டின் தாய் றோஸ்மேரி. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அவர்களோடு இருந்துவிட்டு, போன வருசம்தான் ஒஷாவாவில் இருக்கும் மகளிடம் வந்தவள். பெற்றவளிடம் போய் உன் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல் என்று எந்த வாயால் கேட்பது? பேர்ணடெற் கேட்கவில்லை.

அகதி விசாரணை நாளன்று டவுன்ரவுனில், மண்டபத்துக்கு வெளியே பஸ்ரியனோடு காத்திருந்தாள். லிஃப்ட் திறந்தது. சேலைக்கு மேல் தடித்த கோட்டு, தலையில் மஃப்ளர். றோஸ்மேரி.

"உன்ர கொண்ணன் பஸ்ரியன் போன் எடுத்து, அவளுக்குப் புத்தி சொல்லுங்கோ மாமி எண்டான்," என்றாள் றோஸ்மேரி. "வந்திருக்கிறன்."

எல்லாம் முடிந்தது என்று பேர்ணடெற் நினைத்தாள். றோஸ்மேரி அவளைத் தாண்டிப் போய், அங்கே நின்ற தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, இந்தப் பிள்ளையின்ர லோயரிட்டைச் சொல்லுங்கோ. நானும் உள்ளுக்கு வந்து கதைக்க வேணும்."

உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால், முடிவு சொல்லும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஏன் பொலிஸுக்குப் போகவில்லை என்று அந்த ஆண் கேட்டார்.

"போனனான்," என்றாள் பேர்ணடெற். "என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டிருந்தது. புலியோ எண்டு விசாரிச்சு மர வாங்கில இருத்தி வைச்சவங்கள். பின்னேரம் அவரைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரோடயே அனுப்பினவங்கள்."

"அதற்குப் பிறகு?"

அவள் முறிந்திருந்த கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். அப்போதுதான் லோயர் எழுந்து றோஸ்மேரியைப் பேச விடும்படி கேட்டாள். இருவரும் சம்மதித்தார்கள்.

றோஸ்மேரி பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

"அல்பேட்டைப் பெத்தது நான். எனக்கு அவன் நல்ல பிள்ளை. இவவுக்கு இல்லை. அண்டைக்குப் பொலிஸில இருந்து கூட்டிக்கொண்டு வந்து, கதவைப் பூட்டிப்போட்டு, கதிரையைத் தூக்கி அடிச்சவன். எலும்பு முறிஞ்ச சத்தம் சமைக்கிற குசினி வரைக்கும் கேட்டது. விலக்கப் போன என்னையும் தள்ளி விழுத்தினவன்."

"இவர் திரும்பிப் போனால், உங்கள் மகன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?"

றோஸ்மேரி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"தாய் எண்டபடியா, திருந்துவான் எண்டுதான் நினைக்கிறன் ஐயா. ஆனா ஒரு தாயின்ர நினைப்பை நம்பி இந்தப் பிள்ளையை அனுப்பிப்போடாதேங்கோ."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். பேர்ணடெற் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் ஆறு வருசம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட மனுசி. இவ்வளவு பெரிய ஒன்று அந்த மெலிந்த உடம்புக்குள் இருந்ததா? தேவாலயப் பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்தும்போது தலை தானாகக் குனியுமே, அப்படி அவள் தலை குனிந்தது.

சிறு இடைவேளைக்குப் பிறகு, கோரிக்கையை ஏற்றுக்கொள்கிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே பஸ்ரியன் எழுந்து நின்றான். பேர்ணடெற் உள்ளே நடந்ததைச் சொன்னாள். கார் கொண்டுவருகிறேன், ஒஷாவாவில் விடுகிறேன் என்று தடுமாறினான்.

"வேண்டாம் தம்பி. யூனியன் ஸ்ரேஷனில ரெயின் எடுப்பன்."

"நானும் கூட வரட்டே மாமி?" என்றாள் பேர்ணடெற்.

"உள்ளுக்குச் சொன்னது லேசு. இனிப் போய் என்ர மகளிட்டைச் சொல்ல வேணும்." கோட்டுப் பொத்தான்களை அவள் மாறிப் பூட்டியிருந்தாள். பேர்ணடெற் குனிந்து அவற்றைச் சரியாகப் பூட்டிவிட்டாள். றோஸ்மேரி நின்று கொடுத்தாள். "நான் அவனுக்கும் தாய், பிள்ளை. வழியில கொஞ்சம் அழவேணும். ஆக்கள் பக்கத்தில இருந்தா ஏலாது."

லிஃப்ட் கதவு மூடிய பிறகும் அண்ணனும் தங்கையும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.