எஞ்சினை நிறுத்தக் கூடாது

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சரக்கு வாசலில் ஜெயசிங் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். லடாக்கில் போட்ட கம்பளிச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. கழற்றலாம் என்றால் உள்ளே கிழிந்த பனியன். வியர்வை கழுத்திலிருந்து இறங்கி, கம்பளியில் ஊறி, நனைந்த ஆட்டின் நாற்றம் எடுத்தது. பக்கத்தில் துபாய்க்குப் போகிற முருங்கைக்காய்ப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். சஜினின் பெட்டியும் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே வரும் என்று காவலாளி சொல்லியிருந்தான்.

ஜெயசிங்கும் சஜினும் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே சபை. மலையைக் குடைந்து ரோடு போடுகிற கம்பெனியில் இருவரும் டிப்பர் ஓட்டினார்கள். அங்கே டிசம்பர் பிறந்தால் டீசல் உறைந்துபோகும். முதலில் கலங்கும், பிறகு மெழுகுபோலத் திரண்டு ஃபில்டரை அடைக்கும், வண்டி கிளம்பாது. குளிருக்கு உறையாத டீசல் அந்த ஊர் பங்கிலேயே கிடைத்தது. கம்பெனி அதை வாங்கவில்லை. பனி விழுந்து பாதை அடைபடும் முன்பே கீழேயிருந்து சாதா டீசலை டாங்கர் டாங்கராகக் கொண்டுவந்து நிரப்பி வைத்திருந்தது. மண்ணெண்ணெய் கலந்து பார்த்தார்கள். டாங்கைச் சாக்கால் சுற்றிப் பார்த்தார்கள். தகரத்தில் தணல் போட்டு டாங்குக்கு அடியில் தள்ளியதில் ஒரு வண்டியின் வயர்கள் எரிந்தன. கடைசியில் சைட் மேனேஜர் ஒரே உத்தரவாகச் சொன்னார். எஞ்சினை நிறுத்தக் கூடாது. ராத்திரி முழுக்க ஓடட்டும். அது நின்றுவிடாமல் பார்க்க டிரைவர் உள்ளேயே படுக்கட்டும்.

சஜினின் வண்டியில் சைலன்சர் வெடித்திருந்தது. கியர் கம்பி ஏறிவரும் ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். மேனேஜரிடம் சொன்னான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள் என்றார். இறக்கினால் காற்று காதை அறுத்தது. ஒருநாள் காலையில் ஜெயசிங் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு போய்க் கதவைத் தட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சஜின் குரங்குக் குல்லாவோடு ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகம் நல்ல சிவப்பாக, நன்றாகத் தூங்கி எழப்போகிறவனுடையதுபோல இருந்தது. அவன் உடலைத் தூக்கி இறக்கிய பிறகு மேனேஜர் வேறொரு டிரைவரை அந்தச் சீட்டில் ஏற்றினார். எஞ்சினை அப்போதும் நிறுத்தவில்லை.

பெட்டி தள்ளுவண்டியில் வந்தது. மேல்பக்கம் எது என்று காட்ட அதில் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். நான்கு பேராகத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஜெயசிங்கும் அதில் ஏறப் போனபோது ஜஸ்டஸ் கையைப் பிடித்தார்.

"நீ எனக்க கார்ல வா மக்கா."

ஊரிலிருந்து ஆள் சேர்த்து அனுப்புவது ஜஸ்டஸ்தான். சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். மஸ்கட்டில் வேலை போய் வந்த ஜெயசிங் ஒரு வருஷம் சும்மா கிடந்தபோது, கூப்பிட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர். ஜெயசிங்கின் வீடு இன்னும் பாதியில் நின்றது. சுவர் எழும்பியிருந்தது, மேலே தார்ப்பாய்.

கார் நெய்யாற்றின்கரை தாண்டியதும் ஜஸ்டஸ் ஏசியைக் குறைத்தார்.

"கம்பெனில இருந்து விளிச்சினும். சஜின் குடிச்சிட்டு, கண்ணாடிய ஒக்க ஏத்திட்டுப் படுத்தான், அதனால வந்ததுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கினும்."

"அவன் குடிக்க மாட்டானே அண்ணா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு?"

"சைலன்சரு பொட்டிக் கெடந்துது. நான் கண்ணால கண்டேன். நிறுத்தப்பிடாதுன்னு மேனேஜருதான்..."

"டே, நான் சொல்லியத கேளு. நீ அத சொன்னா கேசு வரும். கேசு வந்தா சைட்ட பூட்டுவான். நம்ம பக்கத்து ஆளுவ எத்தன பேரு அங்க நிக்கான்? அவனுவளுக்க வீட்டுப் பொம்பளையாளுவ ஒனக்க முத்தத்துல வந்து நின்னு கேட்டா என்ன சொல்லுவ?"

ஜெயசிங் முன்னால் போகிற ஆம்புலன்சைப் பார்த்தான்.

களியக்காவிளையில் சாயாக்கடை ஓரம் நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ்காரர் எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போனார். ஜஸ்டஸ் தன் போனை எடுத்து ஜெயசிங்கின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பேரு, ஊரு சொல்லு. பொறவு, நானும் சஜினும் அண்ணைக்குக் குடிச்சோம்னு சொல்லு."

"நானுமா? நான் எதுக்கு அண்ணா?"

"கூட இல்லாதவன் கண்டேன்னு எப்பிடிச் சொல்லுவான்? ஒனக்க வேலைக்கு நான் பொறுப்பு. கர்த்தர் சாட்சி."

முதல் தடவை ஜெயசிங் சஜினின் பெயரோடு நிறுத்திவிட்டான். இரண்டாவது தடவை ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஜஸ்டஸ் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டி, அவனுக்குப் பரோட்டா சொன்னார்.

சஜின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் சஜினின் அம்மா நேசபாய் அவன் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். சஜினின் மனைவி அஜிஷா அழவில்லை. அவள் அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிறவள். செய்தி வந்த நாளில் வேலையிலிருந்து வந்த அதே சேலையில் இருந்தாள். மகள் ஜாஸ்மி அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது. ஆயர் வந்திருந்தார். சபையார் வந்திருந்தார்கள். அண்டியாபீஸ் பெண்கள் வேலியோரம் நின்றார்கள்.

அஜிஷா தலையை நிமிர்த்தினாள்.

"ஜெயசிங் அண்ணா, நீங்கதானே கூட இருந்திய. அவிய எப்பிடிச் செத்தாவ? எல்லாருக்க முன்னேயும் சொல்லுங்க."

பந்தலில் சத்தம் அடங்கியது. ஜஸ்டஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"அங்க... சகிக்க முடியாத தணுப்பு," என்றான் ஜெயசிங். "தணுப்புக்குன்னு கொஞ்சம் குடிச்சோம். நானும் அவனும். அவன் கொஞ்சம் கூடுதல். பொறவு வண்டிக்குள்ள போயி எல்லாம் அடச்சிட்டுப் படுத்திட்டான்."

நேசபாயின் அழுகை நின்றது. பெட்டியைப் பிடித்தபடி எழுந்தாள்.

"குடிச்சானா? எனக்க மொவனா?"

"அங்க போனா எல்லாரும் குடிக்கியதுதான் மாமி," என்றான் ஜெயசிங். அதை யாரும் அவனிடம் சொல்லச் சொல்லவில்லை.

நேசபாய் மகனின் நெஞ்சில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மூடியிருந்த வெள்ளைத் துணி விலகியது. பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவள் திரும்பி மருமகளிடம் கத்தினாள்.

"ஏட்டி, கெட்டினவளுக்குத் தெரியாம ஒருத்தன் குடிப்பானா? நீ அறிஞ்சுகிட்டுதான் மூடி வச்சிருக்க!"

அஜிஷா விலகிய துணியை இழுத்து நேராக்கினாள். பிறகு ஜெயசிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஆயர் கையில் எழுதிக் கொண்டுவந்திருந்த பிரசங்கத்தை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துவிட்டு, மதுவைப் பற்றிப் பேசினார். திராட்சரசம் பரியாசஞ்செய்யும் என்று தொடங்கி, வாலிபப் பிள்ளைகளின் பக்கம் கையை நீட்டி நீட்டி நெடுநேரம் பேசினார். வெயில் ஏறியது. ஜெயசிங் பெட்டியின் கால்மாட்டில் நின்றான். குழிக்குள் இறக்கும்போது கயிறு அவன் உள்ளங்கையை அறுத்தது.

லீவு முடிந்து, துணியெல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, டிக்கெட் வாங்க அவன் தக்கலையில் ஜஸ்டஸின் ஆபீசுக்குப் போனான். ஜஸ்டஸ் போனில் பேசி முடிக்கும்வரை நின்றான்.

"கம்பெனிக்கு நீ வேண்டாமாம் மக்கா."

"ஏன்?"

"வீடியோவ பாத்தாவ. சைட்டுல இருந்து குடிச்சவன எப்பிடித் திருப்பி எடுப்பான்? இன்சூரன்ஸ்காரன் சம்மதிக்க மாட்டானாம்."

ஜெயசிங்குக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மேசையை நோக்கி ஒரு எட்டு வைத்தான்.

"நீங்க சொல்லச் சொன்னதுல்லா அண்ணா அது?"

"பையப் பேசு. வெளியே ஆளு இருக்கு." ஜஸ்டஸ் எழுந்து கதவைச் சாத்தினார். "அஜிஷாவுக்கே நஷ்டஈடு கெடையாதுன்னு சொல்லிட்டான். குடிச்சிட்டுச் செத்தா சட்டத்துல எடமில்லையாம். அவளே சும்மா இருக்கா. நீ எதுக்குக் கெடந்து துள்ளுக?"

"வேலைக்கு நான் பொறுப்புன்னு கர்த்தர சாட்சி வச்சிய."

"குடிச்சேன்னு சொன்னது ஒனக்க வாயி. ஒனக்க வாயில கொண்டு நான் சாராயத்த விட்டனா?"

வெளியே பெஞ்சில் புதிய ஆட்கள் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிறகு அவன் கல்குவாரியில் கேட்டான். மீன் லாரிக்காரர்களிடம் கேட்டான். வடசேரிச் சந்தைக்குக் காய் ஏற்றுகிற வண்டிக்காரனிடம் கேட்டான். எல்லாரும் நல்லபடிதான் பேசினார்கள். கடைசியில், "வண்டி ஓட்டும்போ பழக்கம் உண்டா?" என்று பெருவிரலை வாய்ப்பக்கம் காட்டினார்கள். மனைவி ஷிஜிகூட, அவன் வெளியே போய்விட்டு வரும்போது சட்டையை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். குடிக்கவில்லை என்று சொன்னால் பந்தலில் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும் என்பதால் அவளிடமும் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மாசி பிறந்து ஒருநாள் காலை, புதுக்கடை முக்கில் அண்டியாபீஸ் வேனுக்காகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அஜிஷாவும் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள். முதல்நாள்தான் அங்கே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'போதை வேண்டாம், குடும்பம் வேண்டும்' என்று சிவப்பில் எழுதி, நடுவில் சஜினின் படம். கீழே ஏதோ இளைஞர் மன்றத்தின் பெயர். ஓரத்தில் கைகூப்பியபடி ஜஸ்டஸ். அஜிஷா அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஜெயசிங் ரோட்டைக் கடந்து அவளிடம் வந்தான்.

"அஜிஷா, அவன் குடிக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"அண்ணைக்குப் போன்ல பேசினாவ. எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, நிறுத்திட்டுப் பேசுங்கன்னு சொன்னேன். நிறுத்தப்பிடாது பிள்ளே, டீசல் ஒறஞ்சு போவும்னு சொன்னாவ. பொக மணக்கு, தல வலிக்குன்னும் சொன்னாவ."

"பின்ன ஏன் அங்க வச்சு எனட்டக் கேட்ட?"

"நான் சொன்னா யாரு கேப்பா? நீங்க கூட இருந்த ஆளு. நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன். எல்லாரும் நின்னாவல்லா அண்ணைக்கு."

அவன் ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பம் சொல்லுதேன்," என்றான்.

"சொல்லுங்க."

அவன் சாயாக்கடைப் பக்கம் திரும்பினான். பேப்பர் படிப்பவர்கள், ஆட்டோக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று அங்கே நல்ல கூட்டம்.

"எல்லாரும் கேளுங்க," என்று கத்தினான். குரல் பிசிறியது. "சஜின் குடிக்கல! நானும் குடிக்கல! டீசல் ஒறஞ்சிரும்னு எஞ்சின நிறுத்த விடல. அந்தப் பொகையிலதான் அவன் செத்தான். ஜஸ்டஸ் சொல்லச் சொல்லித்தான் நான் பொய் சொன்னேன்! கர்த்தராணை, நான் குடிக்கல!"

பேப்பர்கள் தாழ்ந்தன. சாயாக்கடைக்காரர் சாயா ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னடே ஜெயசிங்கு, விடியதுக்கு முன்னேயே ஏத்தியாச்சா?"

கூட்டம் சிரித்தது. ஒரு ஆட்டோக்காரர் வந்து அவன் தோளில் கைபோட்டார். "கூட்டுக்காரன் போன சங்கடம், பாவம். வா மக்கா, ஒரு கட்டன் குடி, எறங்கிரும்." ஜெயசிங் கையை உதறினான். உதறிய வேகத்தில் கால் தடுமாறி ஓடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு இன்னும் கூடியது.

வேன் வந்தது. அஜிஷா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்திரிப்பால் பட்டு வெந்து கறுத்த விரல்களால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். வேன் திரும்புவதற்காகப் பின்னால் வந்து ஃபிளெக்ஸை ஒட்டி நின்றது. சஜினின் படம் அவர்களுடைய கல்யாணப் படத்திலிருந்து எடுத்தது. மணப்பெண் அஜிஷாவை வெட்டி நீக்கியிருந்தார்கள். ஆனாலும் சஜினின் தோளில், வெள்ளைக் கையுறை போட்ட நான்கு விரல்கள் அப்படியே இருந்தன.