திரும்பி வந்த கேபிள்

ஒரு கேபிளுக்காக அண்ணியும் கொழுந்தனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த குடும்பத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இவர்கள் இருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அண்ணன்தான்.

அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஒரே கம்பெனி. கட்டடங்களுக்குள் சூடு, குளிர், காற்று எல்லாவற்றையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களைப் பொருத்துகிற தொழில். எந்தப் பெட்டி எங்கே, எந்த வயர் எந்த வழி என்று வரைபடம் போடுவது அண்ணி. அதைக் கட்டடத்துக்குள் இழுத்து ஓடவிடுவது அவன். வீட்டிலும் வேலையிலும் அவனுக்குப் பெயர் சிக்கனம். மிஞ்சிய கேபிள் துண்டைக்கூட சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சண்டை வந்தது ஒரு மருத்துவமனை வேலையில். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான புதிய வார்டு. அறைக்கு ஒரு கன்ட்ரோலர். எல்லாவற்றுக்கும் தலைமைப் பெட்டியான பேனலில் கிளம்பும் கேபிள் ஒவ்வோர் அறையாகத் தொட்டுக்கொண்டு, நடைபாதை அலமாரியில் இருக்கும் கடைசிக் கன்ட்ரோலரில் போய் முடியும். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசை, நடுவில் கிளை பிரியக் கூடாது. வரிசையின் இரண்டு முனையிலும் சிக்னலை உறிஞ்சிக்கொள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் மாட்ட வேண்டும். இல்லையென்றால் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். இதெல்லாம் சிக்கனத்துக்கு அத்துப்படி. ஆனால் அண்ணி இன்னொரு கோடும் போட்டிருந்தாள். கடைசிக் கன்ட்ரோலரிலிருந்து வேறு வழியாகப் பேனலுக்கே திரும்பி வரும் ஒரு கேபிள். எதிலும் இணைக்காமல், இரண்டு முனையிலும் டேப் சுற்றி விட்டுவிட வேண்டுமாம்.

"எதுலயும் மாட்டாத கேபிள் எதுக்கு அண்ணி? அழகுக்கா?"

"என்னைக்காவது தேவைப்படும் தம்பி."

"என்னைக்காவதுன்னு பாத்தா கட்டடத்தையே ரெண்டா கட்டணும்."

"வரையறது என் வேலை. இழுக்கறது உன் வேலை. இழு."

இழுத்தான், வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு. அதற்கு 'வெட்டிக் கேபிள்' என்று பெயரும் வைத்தான். அந்தப் பெயர் அண்ணி காதுக்குப் போனதும்தான் பேச்சு நின்றது.

பேச்சைத் திரும்பத் தொடங்கி வைத்தது அண்ணியின் மகள். உலகத்தைப் பார்க்க என்ன அவசரமோ, நாள் நிறையும் முன்பே வந்துவிட்டாள். அதே மருத்துவமனையின் பழைய வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்தில் கிடந்தாள். பழைய வார்டில் பெட்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் தாயை உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே பெஞ்சுதான். சித்தப்பா முறைக்காரனுக்கெல்லாம் கண்ணாடி வழியாகத் தூரத்துத் தரிசனம்கூடக் கிடையாது. புது வார்டு திறந்தால் குழந்தைக்கு ஓர் அறை, பக்கத்திலேயே தாய் சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி.

"எப்ப தம்பி திறப்பீங்க?" என்று அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்பாள். அதில் அதட்டல் இருக்காது. அதுதான் அவனை அறுத்தது. இந்த அண்ணி அதட்டினால்தான் அவனுக்கு நிம்மதி.

கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. மதியம் பரிசோதகர் வருவார். எல்லா அறையும் பேனல் அறைக் கம்ப்யூட்டர் திரையில் பச்சையாகத் தெரிந்தால் அன்றைக்கே குழந்தைகளை மாற்றலாம். தெரியாவிட்டால் அவர் மறுபடி எப்போது வருவாரோ, அவருக்கே வெளிச்சம். சிக்கனம் காலையில் திரையைப் பார்த்தான். எல்லாம் பச்சை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். பாதி அறைகளைக் காணோம்.

ஓடினான். வரிசையின் நடுவில் ஓர் அறையில் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில் டிரில். சுவரில், கன்ட்ரோலருக்கு நேர் மேலே, புத்தம்புதுக் கடிகாரம்.

"அடப் பாவி மனுஷா! அந்த இடம்தானா கெடச்சுது உங்களுக்கு?"

"சிஸ்டர்தான் சார் சொன்னாங்க. அம்மாமாருக்கு மணி தெரியணுமாம்."

சுவருக்குள் கேபிள் சிதைந்துவிட்டது. சுவரை உடைத்து வேறு இழுக்கலாம். ஆனால் ஒரு பிடி தூசு பறந்தாலும் வார்டு முழுவதையும் திரும்பக் கழுவி, காற்றைத் திரும்பச் சோதிக்க வேண்டும். மேனேஜரைக் கூப்பிட்டான். "என்னப்பா பண்றது, தள்ளிப் போட்டுடுவோம்" என்றார். தள்ளிப் போடுவதாம்! பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருடைய அண்ணியா என்ன?

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேனல் அறையில் போய்த் தரையில் உட்கார்ந்தான். எதிரே, பேனலின் மூலையில், டேப் சுற்றிய ஒரு கேபிள் நுனி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டிக் கேபிள்!

"ஐயோ அண்ணி!" என்று தனியறையில் வாய்விட்டுக் கத்தினான். அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் உள்ள அறைகளுக்குப் பேனலிலிருந்து எப்போதும் போல் சிக்னல் போகும். அந்தப் பக்கம் உள்ளவற்றுக்குத் திரும்பி வருகிற கேபிள் வழியாகப் பின்வாசல் பக்கமாகப் போகும். அறுந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டு அறைகள்தான் இனி முனைகள். அப்போதும் ஒரே வரிசை, கிளை இல்லை. டேப்பைப் பிரித்தான், அலமாரியில் இணைத்தான், பேனலில் இணைத்தான், சிதைந்த துண்டை இரு பக்கமும் கழற்றிவிட்டு அந்த இரண்டு அறைகளிலும் ரெசிஸ்டர் மாட்டினான். திரைக்கு ஓடிவந்தான்.

இருந்த பச்சையும் போய்க்கொண்டிருந்தது. ஓர் அறை வரும், இன்னொன்று மறையும், பிறகு இரண்டுமே மறையும். வாசலில் பரிசோதகரின் கார் வேறு வந்து நின்றது.

பெருமையெல்லாம் பார்க்க நேரமில்லை. மாடிப்படியில் தாவி இறங்கிப் பழைய வார்டின் பெஞ்சுக்குப் போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். கடிகாரம், டிரில், திரும்பி வருகிற கேபிள், மாட்டிய ரெசிஸ்டர். எல்லாம் கேட்டு முடித்த அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புது முனைக்கு மாட்டினே. பழைய முனையில இருந்ததக் கழட்டினியா?"

நெற்றியில் அடித்துக்கொண்டான். பேனலிலும் அலமாரியிலும் பழைய ரெசிஸ்டர்கள் அப்படியே இருக்கின்றன. முனையாக இல்லாத இடத்தில் முனை வைத்து, சிக்னலின் பலத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.

"நிக்கறியே, ஓடுடா!" என்று அதட்டினாள் அண்ணி.

ஆகா, அந்த அதட்டல்! அது கொடுத்த தெம்பில்தான் அவன் மாடி ஏறினான். இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். திரையில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைக்கு வந்து, வந்தபடியே நின்றன. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பரிசோதகர் உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறையாகப் பார்த்துத் தலையாட்டினார்.

குழந்தைகளை அன்று மாலையே மாற்றினார்கள். அண்ணியின் மகளுக்குக் கிடைத்தது அந்தக் கடிகார அறை. சிக்கனம் கதவுக்கு வெளியே தயங்கி நின்றான். அண்ணி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டிருந்தாள். அவள் விரல் ஒன்றைச் சின்னவள் பிடித்திருந்தாள். எழுந்து போங்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"அண்ணி," என்றான். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்தக் கேபிள் மட்டும் இல்லேன்னா..."

"நான் வரைஞ்சேன். திட்டிக்கிட்டே இழுத்தாலும் ஒழுங்கா இழுத்தது யாரு? வேற எவனாவதா இருந்தா இழுக்காமயே இழுத்தேன்னு சொல்லியிருப்பான்." அண்ணியின் கண் கலங்கியிருந்தது. "நான்தான்டா உனக்குச் சொல்லணும். இவ பிறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் யாரும் எழுப்பாம இவ பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அவன் சட்டைப் பையில் இருந்த ரெசிஸ்டர்களை உருட்டிக்கொண்டே நின்றான்.

"வெளியவே எதுக்கு நிக்கறே? போய்க் கையக் கழுவிட்டு வா," என்றாள் அண்ணி. "சித்தப்பாவப் பாக்கணுமாம் இவளுக்கு."

நடைபாதைக் குழாயடியில் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு நின்று கழுவினான். கழுவிய கையையே மறுபடி கழுவினான். சோப்பில் மட்டும் அன்றைக்கு அவன் சிக்கனம் பார்க்கவே இல்லை.