பிடிக்கிற கையும் சுமக்கிற கையும்

நானும் சங்கிலிப்பாண்டியும், துறையில் சுமைக்கு ஆள் எடுக்கும் கபீர் மூப்பனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நூற்றுப் பதினொரு ரூபாய் ஆறணா. ஐம்பத்தைந்தாம் வருஷம்.

மழைக்கு முன்பு, மட்டாஞ்சேரியில் அரிசி வள்ளத்திலிருந்து கரைக்குப் போட்ட பலகை புரண்டது. மூட்டையோடு முன்னால் அவன், பின்னால் நான். இருவரும் வலது கையை ஊன்றி விழுந்தோம். இருவருக்கும் மணிக்கட்டு போயிற்று.

அக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அனந்தநாராயணன் படத்தைப் பார்த்தார். எலும்பு நொறுங்கியிருக்கிறது, மாவுக்கட்டு மட்டும் போட்டால் நிற்காது என்றார்.

"ரெண்டு வழி இருக்கு. வெளியிலேர்ந்தே கம்பி குத்தி, மேலே கட்டுப் போட்டு, அப்புறம் கம்பியை உருவிடலாம். எலும்பு கொஞ்சம் நகர்ந்தாலும் நகரும். இல்லேன்னா கீறித் திறந்து தகடு வச்சு முடுக்கணும். எலும்பு நேரா நிக்கும். ஆனா மேலே போற நரம்பு தகட்டிலே உரசும். எது நல்லதுன்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியலை."

"எனக்கு இரும்பே வைங்க சாமி," என்றான் சங்கிலிப்பாண்டி. "உள்ள இரும்பு கெடந்தா மறுபடி ஒடியாதுல்லா."

எனக்கு உடம்புக்குள் ஒன்று தங்குவது பிடிக்கவில்லை. கம்பி போதும் என்றேன். தகடு மதராசிலிருந்து வந்தது. அதற்கும் இரண்டு வீட்டுச் சோற்றுக்கும் மூப்பன் கொடுத்ததுதான் கடன்.

ஓணம் கழிந்து இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் மடங்கின. உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை, மூட்டைக்கு அடியில் கொடுக்க முடியாது. அவனுடையது நேராக, பலமாக இருந்தது. பிறகு ஒரு நாள் பீடி பற்றவைக்கும்போது அவன் பெருவிரல் தொங்கிவிட்டது. நரம்பு உரசி உரசி அறுந்திருந்தது.

"ஏலே, ஒங் கையத் தாரியா, எங் கையத் தாரேன்," என்றான்.

எங்களுக்குச் சாப்பா கிடைத்தால்தான் வேலை. காலையில் மூப்பன் அந்தச் செம்பு வில்லைகளைக் கூட்டத்தின் மேல் வீசுவார். அடிபட்டு மிதிபட்டுப் பிடித்தவனுக்கு அன்றைக்குக் கூலி. சங்கிலிப்பாண்டியின் கையில் பட்டது நழுவியது. இடது கையை நீட்டினால் பக்கத்தில் நின்றவன் தட்டிக்கொண்டு போனான். நான் பிடித்தேன், ஆனால் மூட்டை ஏறவில்லை. அதனால் பிடித்ததை அவனிடம் கொடுத்தேன்.

மறுநாளே மூப்பன் கண்டுகொண்டார்.

"எடா இசக்கி, சாப்பா பிடிக்கறது நீ, சாக்கு எடுக்கறது அவனா? இது எந்து ஏற்பாடு?"

"கடன் தீரணும்லா, மூப்பரே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கை உண்டல்லோ. ஆகட்டும்."

கூட்டம் சிரித்தது. கூலியில் பாதியை மூப்பன் கடனுக்குப் பிடித்துக்கொண்டார். மீதியை நாங்கள் பிரித்துக்கொண்டோம். நான் பிடிப்பேன், பண்டகசாலைச் சுவரோரம் உட்காருவேன். அவன் சுமப்பான். மழை வந்தது, போனது. கை வலித்ததா என்று கேட்டால் நினைவில்லை.

அடுத்த ஓணத்துக்கு முந்தின நாள் மூப்பன் எங்களைச் சாயாக்கடைக்குக் கூப்பிட்டார். மூன்று சாயா சொன்னார்.

"கணக்கு தீர்ந்நு. ஒரணா பாக்கியில்ல."

சங்கிலிப்பாண்டி இடது கையால் கிளாசை எடுத்தான்.

"இனி பழைய சட்டம்தான்," என்றார் மூப்பன். "ஓணம் கழிஞ்ஞா, பிடிக்கறவன் தான் எடுக்கணும்."

"சரி மூப்பரே," என்றேன்.

சாயா குடித்து முடித்தோம். அதற்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.