வேட்பாளரின் தங்கை

அண்ணர் வாசலில் வந்து நின்றபோது நான் பாயில் காய்ந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறென்ன வேலை? என் புருஷன் பேதுருவைக் கடல் கொண்டுபோன மாசியிலிருந்து இந்த வளவும் கிணறும்தான் என் உலகம். ஆண்டுப் பூசை முடியும்வரை கைம்பெண் தெருவில் இறங்கக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதற்குக் காவல் நிற்பவர் என் அண்ணர் கனிசியஸ். சின்னக்கடைச் சந்தையில் மீன் கடகத்தோடு குந்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூவி விற்றவள் நான். திரும்பவும் போகட்டுமா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "ஊர் என்ன கதைக்கும்?" அவ்வளவுதான் அவருடைய பதில்.

அன்றைக்கு நகரசபைத் தேர்தல். அண்ணரும் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி செபநாயகமும் எங்கள் வட்டாரத்தில் போட்டி.

"வெளிக்கிடு பிள்ளை. வோட்டுப் போட்டிட்டு வருவம்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "ஆண்டுப் பூசை இன்னும் முடியேல்லையே அண்ணை?"

"உது வேறை. காருக்குச் சீலை கட்டியிருக்கு. ஒருத்தரும் காணாயினம்."

"அப்ப சந்தைக்கும் சீலை கட்டிக்கொண்டு போகலாமோ?"

"விசர்க் கதை கதையாதை. கெதியா வா."

சீமைச் சண்டையால் பெற்றோலுக்குத் தவம் கிடந்த காலம். அப்படியிருந்தும் எனக்காக ஒரு கார். உள்ளே அண்ணரின் மனைவி பெர்னடெட் மச்சாள் என் கையைப் பிடித்தபடி வந்தாள். சீலை விலகினால் இழுத்து மூடினாள். கடற்காற்று முகத்தில் படாமல் எனக்கு மூச்சு முட்டியது. அண்ணர் வென்றால் என்ன ஆகும்? நகரசபை அங்கத்தவரின் தங்கை சந்தையில் மீன் விற்பாளா? ஆண்டு திரும்பினாலும் வாசல் திறக்காது.

பள்ளிக்கூடத்தில் மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். பச்சை அண்ணருக்கு, சிவப்பு பிரக்கிராசிக்கு. எவ்வளவோ நாளுக்குப் பிறகு என் பக்கத்தில் ஒருவருமில்லை. கரையொதுங்கிய பேதுருவின் சவப்பெட்டியைச் சுமந்துபோனவர் அண்ணர். அன்று என்னைவிடப் பெரிதாக அழுதவரும் அவர்தான். மாதாவே, அதற்காக உயிரோடு என்னையும் அடைத்துவைப்பதா? வோட்டுத் துண்டைப் பச்சைக்கு மேலே பிடித்தேன், எடுத்தேன். வெளியே யாரோ செருமினார்கள். சிவப்பில் போட்டேன்.

பள்ளிக்கூட வாசற் படலையடியில் அண்ணர் கைகூப்பிச் சிரித்தபடி நின்றார். விடிந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கவேயில்லையாம். மெதுவாகக் கேட்டார்: "பச்சையிலைதானே போட்டனி?"

"அது இரகசியம் எண்டு உள்ளை சொல்லுகினம் அண்ணை."

மச்சாள் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் அதைத் தாண்டி நடந்தேன்.

"எங்கையடி போறாய்?" சிரிப்புக் குலையாமல் பல்லுக்குள்ளால் கேட்டார்.

"சின்னக்கடைக்கு."

"ஊர் பாக்குதடி!"

"ஓம் அண்ணை. ஊர்தானே இண்டைக்கு வோட்டுப் போடுது."

அவர் வாய் திறக்குமுன் சந்தைப் பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவள் செபஸ்தியம்மா. என் பக்கத்துக் கடகக்காரி. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள். "சந்தைக்குத்தான் போறன்," என்றேன். பிறகு அண்ணரிடம் திரும்பினாள்.

"கனிசியஸ் அண்ணை, தங்கச்சியைத் திரும்பவும் சந்தைக்கு விட்டிட்டியளே! நீங்களெல்லோ மனுசன்! எங்கடை வோட்டெல்லாம் பச்சைக்குத்தான்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஓம்... ஓம். அவளும் உழைச்சுச் சாப்பிட வேணுமெல்லே," என்றார், எல்லோருக்கும் கேட்க.

ஐயோ, இந்த மனுஷன் என் புண்ணியத்திலேயே வெல்லப்போகிறார். நானோ சிவப்பில் போட்டுவிட்டு நிற்கிறேன்! சிரிப்பதா அழுவதா? நாளைக்கு வோட்டு எண்ணி முடிந்த பிறகும் இந்த வார்த்தை நிற்குமா? கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமையில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

தெரு முடக்கில் திரும்பிப் பார்த்தேன். செபஸ்தியம்மாவின் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் இன்னும் கூப்பியபடி இருந்தன. சிரிப்பை மட்டும் காணவில்லை.